பத்தொன்பது படிகளுக்குக் கீழே

அக்கா,

இன்று காலை கோதையின் காலுக்குக் காலிப்பர் கம்பி மாட்டும்போது, நீங்கள் கொடுத்திருந்த கட்டுத்துணியில் கடைசிச் சுருளும் தீர்ந்துவிட்டது. தொடையில் தோல்பட்டை உரசுகிற இடத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகினேன். கையில் ஒரு விரல் நீளத் துண்டு மிஞ்சியது. அதை மூக்கருகே கொண்டுபோனேன். இத்தனை வருஷம் தகரப்பெட்டிக்குள் கிடந்தும் வாடை போகவில்லை. வெளுக்கிற மருந்தும், வெயிலில் காய்ந்த பஞ்சும் சேர்ந்த வாடை. உங்கள் சேலையிலும் வண்டி சீட்டிலும் அதுதான் இருக்கும்.

"என்னம்மா மோந்து பாக்க?" என்றாள் கோதை.

"ஒண்ணுமில்ல. பெரியம்மா வாசனை."

அவளும் கையை நீட்டி வாங்கி மோந்து பார்த்தாள். பிறகு அதை ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் போட்டு மூடிக்கொண்டாள்.

இதை அவளுடைய பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன், அவளுடைய பழைய ரஃப் நோட்டின் பின்பக்கங்களில். ஆறாம் வகுப்பு மாடியில் இருக்கிறது, அக்கா. காலையில் அவளைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன். இடைவேளைக்கு இறக்கிக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய்விட்டு, மறுபடி ஏற்றுகிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒருமுறை. சாயங்காலம் கடைசி இறக்கம். நடுவில் வீட்டுக்குப் போய்த் திரும்ப நேரம் பற்றாது. அதனால் மரத்தடியிலேயே இருந்துவிடுகிறேன். வாட்ச்மேன் அண்ணன் எனக்கென்று ஒரு உடைந்த பெஞ்சை இழுத்துப் போட்டிருக்கிறார்.

எழுதவேண்டும் என்று நாலு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் இருக்கும்போதே வாயால் சொல்லியிருக்க வேண்டியது. உங்களுக்காக எத்தனை மனு எழுதினேன்! 'ஐயா, வணக்கம். அடியிற்கண்ட மனுதாரர்' என்று ஆரம்பித்தால் பேனா தானாக ஓடும். இந்த ஒன்றுதான் வரவில்லை.

முதன்முதலில் நீங்கள் என்னிடம் பேசியது ஞாபகம் இருக்கிறது. நாங்கள் ராஜபாளையத்தில் மில்லுக்குப் பக்கத்துத் தெருவுக்குக் குடிவந்த புதிது. கோதைக்குப் பதினாலு மாதத்தில் வந்த காய்ச்சல் கால்களைத் தின்றுவிட்டுப் போய் அரை வருஷம்கூட ஆகவில்லை. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகும்போதெல்லாம் காலை மறைத்து ஒரு துண்டைப் போர்த்திவிடுவேன், சித்திரை வெயிலானாலும். யாரும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால், சொட்டு மருந்து போட்டீர்களா என்று அடுத்த கேள்வி வரும். மூன்றாவது தவணைக்குப் போகவேண்டிய நாளில் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம். அடுத்த வாரம் போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். இந்த ஒரு வரியை ஊரில் யாரிடமும் சொல்லியதில்லை. உங்களிடம் மட்டும்தான் சொன்னேன், அதுவும் ரொம்ப நாள் கழித்து.

நீங்கள் கையால் சுற்றுகிற மூன்று சக்கர வண்டியில் பேண்டேஜ் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். பக்கத்தில் கக்கத்துக் கட்டைகள் இரண்டும் செருகியிருந்தன. என் அருகில் வந்து வண்டியை நிறுத்தினீர்கள்.

"ஏட்டி, அந்தத் துண்ட எடு. பிள்ளைக்கு வேர்க்குது."

அவ்வளவுதான். வண்டியைச் சுற்றிக்கொண்டு போய்விட்டீர்கள். நான் நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தேன். துண்டை எடுத்தேனா என்பது ஞாபகமில்லை. மறுநாள் உங்கள் அண்ணன் வீட்டைத் தேடிக்கொண்டு நானே வந்தேன்.

நான் பி.ஏ. படித்தவள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு உங்கள் வாயில் அதுவே பேராகிவிட்டது. "ஏட்டி பி.ஏ., இதப் படிச்சுச் சொல்லு." "பி.ஏ. வீட்டுல இன்னிக்கி என்ன கொழம்பு?" நீங்கள் எட்டாம் வகுப்போடு நின்றவர். ஏன் நின்றீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். துணி உருட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தாமலே சொன்னீர்கள்.

"ஒம்பதாங் கிளாஸு மாடியில. எங்கண்ணன் ஒரு மாசம் தூக்கிட்டுப் போனான். பொறவு அவனுக்கு மில்லுல வேல கெடச்சிருச்சு."

"வேற யாரும் தூக்கலியா?"

"தூக்குனாங்க. ஒருநா வாத்தியாரு, ஒருநா பியூனு. ஒருநா யாருமில்ல. கீழயே உக்காந்திருந்தேன், மணி அடிச்சுட்டாங்க, வந்துட்டேன். தூக்குறவுக இருக்குற வரைக்கும்தான்ட்டி அந்தப் படிப்பு. படி அங்கனயேதான் இருக்கும்."

அதனால்தான் உங்களைத் தூக்க யாரையும் விடமாட்டீர்கள் என்பது எனக்கு அன்று புரிந்தது. வீம்பு என்றுதான் ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த அந்த அலுவலகத்தின் பேரை எழுத மனமில்லை. ஊனமுற்றோர் பஸ் பாஸுக்கு வருஷத்துக்கு ஒருமுறை அங்கே போய், அதிகாரியின் முன்னால் நேரில் கையெழுத்துப் போடவேண்டும். வாசலில் ஐந்து படி. அதை நீங்கள் உட்கார்ந்தபடியே பின்பக்கமாகக் கையூன்றி ஏறிவிடுவீர்கள். உள்ளே மாடிக்குப் பத்தொன்பது படி. செங்குத்தாக, கைப்பிடி இல்லாமல், நடுவில் ஒரு திருப்பத்தோடு. அதன் அடியில், பழைய பீரோக்களுக்கும் தண்ணீர்ப் பானைக்கும் நடுவே உட்கார்ந்துவிடுவீர்கள். அந்தப் பானையிலிருந்து ஒரு வாய்கூடக் குடிக்கமாட்டீர்கள். அலுவலகம் போகிற நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டீர்கள். காரணம் எனக்கு அப்போது தெரியாது. விரதமோ என்று நினைத்திருந்தேன்.

முன்பு இருந்த அதிகாரி நல்ல மனுஷர். மத்தியானம் சாப்பிடப் போகும்போது, வராந்தாவில் நிற்கிற தன் ஸ்கூட்டர் சீட்டிலேயே காகிதத்தை வைத்து உங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். அந்த ஸ்கூட்டர் வராந்தாவுக்கு ஏறுவதற்கு வாசற்படி ஓரமாக ஒரு முழ அகலத்தில் சிமெண்டுச் சரிவு இருந்தது. அதை முதலில் பார்த்தது நீங்கள்தான்.

"பாத்தியா பி.ஏ. ஸ்கூட்டரு வெயில்ல நிக்கக் கூடாதுன்னு சரிவு கட்டிருக்காங்க. இத இன்னும் ரெண்டு முழம் அகலமாக் கட்டியிருந்தா, வண்டிய பஸ்ஸு மேல ஏத்திக் கொண்டாந்து நான் வண்டியோடயே உள்ள வந்திருப்பேன்."

அன்று பஸ்ஸில் வரும்போதே மனு உருவாகிவிட்டது. கேட்டது இரண்டே இரண்டு. வாசலில் மூன்று சக்கர வண்டி ஏறுகிற மாதிரி ஒரு சரிவு. மாடியில் கையெழுத்து வாங்குகிற அந்த ஒரு மேசையைக் கீழே கொண்டுவருவது. 'சாய்தளம்' என்று நான் எழுதியதற்கு, "அதென்ன தளம்? சரிவுன்னு எழுது, கொத்தனாருக்கு வெளங்கணும்ல" என்று அடிக்கச் சொன்னீர்கள். நான் அடிக்கவில்லை, அதிகாரிகளுக்கு அப்படி எழுதினால்தான் மதிப்பு என்று வாதாடினேன். கடைசியில் இரண்டு சொல்லையும் போட்டோம்.

மனுவைக் கொடுத்தபோது அங்கிருந்த கிளார்க் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, உனக்காக ஆபீசையே கீழ எறக்கணுமாக்கும்?"

"ஆபீசு வேண்டாம் சார், மேசை போதும். மேசைக்கு நாலு காலு இருக்கு. எனக்கு உருப்படியா ஒண்ணுகூட இல்ல. யாரு எறங்குறது ஞாயம்னு நீங்களே சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். வெளியே வந்ததும் நான் காரியம் முடிந்த மாதிரி சந்தோஷப்பட்டேன். நீங்கள் டீயைக் கையிலேயே வைத்திருந்து கடைசியில் மண்ணில் ஊற்றினீர்கள். "சிரிச்சாங்கன்னா குடுக்கமாட்டாங்கட்டி" என்றீர்கள்.

இரண்டு வருஷம் நினைவூட்டு மடல்கள் போட்டோம். உங்கள் கணக்கு எனக்குத் தெரியும். அந்தச் சரிவு உங்களுக்காக மட்டும் அல்ல. "அங்க ஒண்ணு கட்டிட்டாங்கன்னு வையி, அதக் காட்டி நாளைக்கு கோதை பள்ளிக்கூடத்துலயும் கேக்கலாம். கவருமெண்டே கட்டியிருக்கு, உங்களுக்கு என்னன்னு கேக்கலாம்ல." கோதைக்கு அப்போது மூன்று வயது. அவள் ஆறாம் வகுப்புக்குப் போவதை நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. நீங்கள் நினைத்திருந்தீர்கள்.

இனி அந்த நாள்.

கோதையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஊனமுற்றோர் சான்றிதழ் வேண்டியிருந்தது. திங்கட்கிழமையோடு சேர்க்கை முடிகிறது. நாம் போனது வெள்ளிக்கிழமை. உங்கள் பாஸும் அதே சமயத்தில் முடிந்திருந்ததால் சேர்ந்தே போனோம். புது அதிகாரி வந்திருந்தார். கீழே இறங்குகிற பழக்கமில்லாதவர். மத்தியானச் சாப்பாடும் மேலேயே போனது. மூன்று மணி இருக்கும், நான் கோதையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன்.

அவர் மரியாதையாகத்தான் பேசினார். கோதையைப் பார்த்துப் பேர் கேட்டார். சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். முத்திரை வைக்கப் போன கையை நிறுத்தினார்.

"கீழ ஒரு அம்மா இருக்காங்களாமே, மனு மேல மனுப் போடுறவங்க. உங்ககூட வந்தவங்கதானே?"

"ஆமா சார்."

"வரச் சொல்லுங்க. ரெண்டையும் சேத்து முடிச்சுட்டுக் கெளம்புறேன். வரலேன்னா அடுத்த புதன்கிழமை பாத்துக்கலாம்."

கோதையின் காகிதம் மேசைமேல் முத்திரை இல்லாமல் கிடந்தது. அதை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. புதன்கிழமை என்றால் பள்ளிக்கூடம் போய்விட்டது. நான் இறங்கிவந்தேன். பத்தொன்பது படியும் இறங்குவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

"அக்கா, இன்னிக்கி ஒருநாள் மட்டும். ரெண்டு பேரு தூக்கிருவாங்க. ஒரு நிமிசம்தான்க்கா. பிள்ளைக்குச் சீட்டுப் போயிரும்."

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. கோதையைப் பார்த்தீர்கள். அவள் உதடு காய்ந்து வெடித்திருந்தது, என் தோளில் தலையைப் போட்டிருந்தாள்.

"சரி. நாற்காலி கொண்டாரச் சொல்லு."

இரண்டு பியூன்களும், டீ கொண்டுவந்த ஆளும் பிடித்தார்கள். கக்கத்துக் கட்டைகளைக் கீழேயே சாத்திவிட்டார்கள். திருப்பத்தில் நாற்காலி சாய்ந்தபோது ஒருவன் சத்தமாகச் சொன்னான்: "ஆண்டாளு தேரு திரும்புதுடோய், வடத்தப் பாத்துப் பிடிங்கலே!" மேலேயும் கீழேயும் சிரித்தார்கள். நீங்கள் ஒரு கையால் நாற்காலிப் பிடியையும், ஒரு கையால் காலருகே விலகிய சேலையையும் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். கண்ணை மூடியிருந்தீர்கள். கோதை என் இடுப்பில் துள்ளிக் கைதட்டினாள். "பெரியம்மா மேல போறாங்க!"

மேலே அதிகாரி எழுந்து நின்று வணக்கம் சொன்னார். கையெழுத்து அரை நிமிஷத்தில் முடிந்தது.

"பாத்தீங்களா, வந்துட்டீங்கள்ல? இதுக்குப் போயி ரெண்டு வருசமா இம்புட்டு மனுவா?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் ஏதேதோ பேசிக்கொண்டே வந்தேன். கோதைக்கு யூனிபார்ம் தைக்கவேண்டும், சிலேட்டு வாங்கவேண்டும் என்று. நீங்கள் ஒன்றே ஒன்றுதான் சொன்னீர்கள், அதுவும் ராஜபாளையம் வந்து இறங்குகிற சமயத்தில்.

"அந்த நாற்காலிக்கு ஒரு கைப்பிடி ஆடுச்சுட்டி."

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. இரண்டு வருஷத்தில் வந்த முதல் பதில். நீங்கள் அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டீர்கள். "ஏட்டி பி.ஏ., படி. அவுக தமிழு எனக்கு வெளங்காது." நான் வாசலில் நின்றபடி வாசிக்க ஆரம்பித்தேன். பார்வையில் காணும் மனு, மனுதாரரின் கோரிக்கை என்று வாசித்துக்கொண்டு வந்தவள், அடுத்த வரியில் நின்றுவிட்டேன். 'மனுதாரர் இவ்வாண்டு முதல் மாடிக்கு நேரில் வருகை புரிந்து கையொப்பமிட்டுச் சென்றுள்ளமையால் மேற்படி கோரிக்கைக்கு அவசியம் எழவில்லை எனவும், கோப்பு முடிக்கப்பட்டது எனவும் தெரிவிக்கப்படுகிறது.'

அந்த வரியை நான் வாசிக்கவில்லை, அக்கா.

"என்னட்டி போட்டிருக்கான்?"

"நிதி இல்லையாம்க்கா."

"நிதியா? ரெண்டு மூடை சிமெண்டுக்கா?"

"ஆமாக்கா."

நீங்கள் சிரித்தீர்கள். "ஆலங்குளத்துல மலையவே அரைச்சு சிமெண்டாக்கி அனுப்புதான். நமக்கு ரெண்டு மூடை இல்லையாம்." கடிதத்தை வாங்கி நாலாக மடித்து வண்டி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு போனீர்கள்.

நான் நல்லதுக்குத்தான் மறைத்தேன் என்று கொஞ்ச நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு அதைச் சொல்வதையும் விட்டுவிட்டேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் மறைத்தேன். நான் கெஞ்சித்தான் நீங்கள் மேலே போனீர்கள். போனதை வைத்துத்தான் அவர்கள் கோப்பை மூடினார்கள்.

அதற்குப் பிறகு நான் உங்கள் வீட்டுப்பக்கம் வருவது குறைந்துபோனது. கோதைக்குப் பள்ளிக்கூடம், வீட்டுக்காரருக்கு ஷிப்ட் என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை. நீங்கள் மட்டும் மாதம் தவறாமல் உங்கள் அண்ணன் கையில் கட்டுத்துணிச் சுருள்கள் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தீர்கள். கம்பெனியில் ஓரம் அறுத்து ஒதுக்குகிற துணி, உங்கள் கையால் உருட்டியது. தளர்வாக உருட்டினால் பிள்ளைக்குத் தொடை கன்னிப்போகும் என்று நெருக்கமாக உருட்டியிருப்பீர்கள்.

மறுவருஷம் பாஸுக்குத் தனியாகப் போயிருக்கிறீர்கள். போன வருஷம் ஏறிவந்தாகள்ல, இப்பவும் வரச் சொல்லு என்று மேலேயிருந்து ஆள் வந்திருக்கிறான். நாற்காலியையும் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். நீங்கள் சாயங்காலம்வரை இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறீர்கள். இது உங்கள் மதினி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பாஸ் முடிந்துபோனது. கம்பெனியும் அந்தச் சமயத்தில்தான் ஊருக்கு வெளியே இடம் மாறியிருந்தது. அவ்வளவு தூரமும் போக வர வண்டியைக் கையாலேயே சுற்ற ஆரம்பித்தீர்கள். எங்கள் தெரு வழியாகத்தான் போவீர்கள். சக்கரம் கிறீச்சிடுகிற சத்தம் கேட்டதும் நான் அடுக்களைக்குள் போய்விடுவேன்.

ஒருநாள் நான் உள்ளே போகாமல் நின்றிருக்கலாம்.

ஐப்பசி மழையில் நனைந்து நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னார்கள். கோதைக்கு லேசாக இருமல் இருந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் போனால் ஏதாவது ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தேன். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம், உங்களுக்குத் தெரியும். நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று நாள் போனது. நாலாவது நாள் போக வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பாஸ் இருந்திருந்தால் நீங்கள் இருந்திருப்பீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். எப்படிச் சொல்ல? மழை எல்லோரையும்தான் நனைக்கிறது. ஆனால் அப்படி இல்லை என்று சொல்லவும் எனக்குத் தைரியமில்லை.

பதினாறாம் நாள் முடிந்து உங்கள் மதினி என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். ஒரு அட்டைப்பெட்டி நிறையச் சுருள்கள். "ஒம் மகளுக்குன்னு சேத்து வச்சிருந்தா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மொத நாளுகூட உருட்டிக்கிட்டுத்தான் இருந்தா" என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து எடுத்து அடுக்கினேன். பெட்டியின் அடியில் நாலாக மடித்த அந்தக் கடிதம் இருந்தது. பிரித்தேன். நான் வாசிக்காமல் விட்ட வரியின் கீழே, பேண்டேஜ் கட்டுகளில் அடையாளம் போடுகிற சிவப்புப் பென்சிலால் நேராக ஒரு கோடு.

எப்போது போட்டீர்கள்? நான் வாசித்த அன்று அது இல்லை. வீட்டுக்குப் போய் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்திருக்கிறீர்கள். அந்த மாதமும் சுருள் வந்தது. அடுத்த மாதமும் வந்தது. உங்கள் அண்ணன் கையில் ஒரு வார்த்தை சொல்லியனுப்பவில்லை. ஒருமுறையாவது தெருவில் நின்று, "ஏட்டி பி.ஏ., உனக்கே படிக்கத் தெரியலயா?" என்று கத்தியிருக்கக் கூடாதா? இன்றுவரை அந்தச் சத்தத்தைக் காதில் கேட்டுப் பார்க்கிறேன். வரமாட்டேன் என்கிறது.

இப்போது சட்டம் வந்திருக்கிறதாம், அக்கா. தில்லியில். பொதுக் கட்டடங்களில் சரிவு வைக்கவேண்டும் என்று அதில் இருக்கிறதாகப் பேப்பரில் போட்டிருந்தான். நான் அதைக் கத்தரித்துக்கொண்டு போய்ப் பெரிய டீச்சரிடம் காட்டினேன். ஆறாம் வகுப்பைக் கீழே மாற்றினாலே போதும், சரிவுகூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவர் பொறுமையாகப் படித்தார். வசதிக்கு உட்பட்டுச் செய்யவேண்டும் என்று இருக்கிற இடத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

"வசதி வரட்டும், செய்வோம். கீழ இருக்கது ஒண்ணாப்புப் பிள்ளைக. அதுகள மாடிக்கு ஏத்த முடியுமா சொல்லுங்க. இன்னொண்ணு, இப்பத்தான் ஊர் ஊரா எல்லாப் பிள்ளைக்கும் ஒரே நாள்ல சொட்டு மருந்து ஊத்துறாங்கள்ல? இனிமே இந்த நோயே வராதும்மா. வராத நோய்க்குப் போயி எதுக்குக் கட்டடத்த இடிச்சுக்கிட்டு?"

நான் பேப்பர்த் துண்டை மடித்தேன். அவர் கனிவாகத்தான் சிரித்தார்.

"அதான் நீங்க தூக்கியாந்துருதீகளே. உங்கள மாதிரி ஒரு அம்மா எந்தப் பிள்ளைக்குக் கெடைக்கும்?"

அந்த வரி எனக்கு முன்பே தெரிந்த வரி. சிவப்புக் கோடு போட்ட வரி.

கோதை வளர்ந்துவிட்டாள். காலிப்பரோடு சேர்த்துத் தூக்கும்போது பதினொன்றாவது படியில் எனக்கு மூச்சு வாங்குகிறது. போன மாதம் எனக்கு நாலு நாள் காய்ச்சல். அவளுக்கு நாலு நாள் ஆப்சென்ட். வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்து ஒருநாள் தூக்கிப் பார்த்தார், முதுகு பிடித்துக்கொண்டது. நான் விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்க ஆரம்பித்தால், அது எங்கெங்கோ போய் நிற்கிறது. சாயங்காலம் அவளுடைய தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தால், காலையில் ஊற்றிய தண்ணீர் அப்படியே இருக்கிறது. கேட்டால் தாகம் எடுக்கவில்லை என்கிறாள். குடித்தால் கொல்லைப்பக்கம் போகவேண்டி வரும். உங்கள் விரதத்தின் காரணம் எனக்கு இப்போது தெரிந்துவிட்டது, அக்கா.

இன்று காலை கீழ்ப்படியில் உட்காரவைத்துவிட்டுத் தூக்கக் குனிந்ததும், அவள் என் தோளைப் பிடிக்காமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் கீழயே இருக்கேன்மா."

"மணி அடிக்கப் போகுது, வா."

"பெரியம்மா கீழதான இருந்தாங்க?"

அவளுக்கு அது எப்படி ஞாபகம் இருக்கும்? ஐந்து வயதுப் பிள்ளை. கைதட்டினாளே, அதுவும் ஞாபகம் இருக்குமா? நீங்களாக இருந்திருந்தால் ஒரு பாயைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்திருப்பீர்கள். பாடம் கீழே இறங்கி வருகிறதா பார்ப்போம் என்று. வரவில்லை என்றால் மறுநாளும் உட்கார்ந்திருப்பீர்கள். எனக்கு அது முடியவில்லை. இரண்டு நாள் கீழே உட்கார்ந்தால் ஆப்சென்ட் போடுவார்கள், பத்து நாள் உட்கார்ந்தால் பேரை எடுப்பார்கள். நீங்கள் எட்டாம் வகுப்போடு நின்றவர் என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

தூக்கினேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். காலிப்பர் கம்பி ஒவ்வொரு படியிலும் என் இடுப்பெலும்பில் இடித்தது. மேலே வகுப்பு வாசலில் பெரிய டீச்சர் நின்று எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

புது மனு ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். 'சாய்தளம்' என்று எழுதவில்லை, 'சரிவு' என்றுதான் எழுதியிருக்கிறேன். இரண்டு வாரமாக என் பைக்குள் இருக்கிறது. தினமும் காலையில் கொடுத்துவிடவேண்டும் என்று நினைத்துத்தான் வருகிறேன். வகுப்பு வாசலில் பெரிய டீச்சர் நிற்கும்போது என் ஒரு கையில் கோதை இருக்கிறாள், மறு கை சுவரைப் பிடித்திருக்கிறது. அவளை இறக்கி உட்காரவைத்துவிட்டு நிமிரும்போது, நான் மேலே வந்து சேர்ந்திருக்கிறேன். மேலே வந்துவிட்டவளின் கையிலிருந்து அந்தக் காகிதத்தை வாங்கி அவர்கள் என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

மணி அடிக்கிறது. இடைவேளை. அவளை இறக்கப் போகவேண்டும்.